வயலில் மீன் விட்டால் யூரியா மிச்சமாவது எப்படி?

கேள்வி: அருணாசலப் பிரதேசத்தில் நெல் வயலுக்குள்ளேயே மீன் வளர்ப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். மீன் கழிவு உரமாகிவிடும், அதனால் யூரியா தேவையில்லை, விளைச்சலும் கூடும் என்று நிகழ்ச்சியில் சொன்னார்கள். எனக்கு இரண்டு சந்தேகம். பயிரை மீன் தின்றுவிடாதா? வயலில் இருப்பதைத் தின்று வயலிலேயே கழிக்கிற மீன், புதிதாக உரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கள் சம்பா நிலத்தில் ஒரு மாவில் மட்டும் இதைச் செய்து பார்க்கலாமா?

— ஒரு வாசகர், வலங்கைமான்

பதில்:



முதல் சந்தேகம் எல்லோருக்கும் வருவது. இரண்டாவது இருக்கிறதே, அதை வேளாண் கல்லூரி வாய்மொழித் தேர்வில் கேட்டால் பாதிப் பேர் திணறுவார்கள். வயலில் கிடப்பதைத் தின்று வயலிலேயே கழிக்கிற மீன் உரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? எங்கிருந்தும் கொண்டுவராது. உங்கள் கணக்கு சரி. அப்படியானால் தொலைக்காட்சியில் சொன்னது பொய்யா என்றால், அதுவும் இல்லை. மீன் விட்ட வயலுக்கு உரம் குறைவாகப் போதும் என்பது அளந்து பார்த்த உண்மை. சொன்ன காரணம்தான் தப்பு.

முதல் சந்தேகத்தை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வயலில் பெரும்பாலும் விடுவது சாதாக் கெண்டை. அதன் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்ளேதான் பற்கள். சேற்றை வாயால் உறிஞ்சும், அதிலிருக்கும் புழு, கொசுப்புழு, நத்தைக் குஞ்சு, களை விதை, மட்கிய இலை எல்லாவற்றையும் உள்ளே நிறுத்திக்கொள்ளும், மண்ணைத் துப்பிவிடும். நெல்லின் தாளிலோ சிலிக்கா ஏறியிருக்கிறது. மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். கதிர் அறுக்க இறங்கியவர்களின் முன்கையைப் பார்த்தால் அந்தத் தாள் எவ்வளவு சொரசொரப்பு என்று தெரியும். பச்சை பிடித்துத் தூர் கட்டிய பயிரைக் கெண்டை சீண்டுவதில்லை. ஆனால் நட்ட புதிதில், வேர் ஊன்றாத நாற்றின் அடிச்சேற்றைக் கிளறி அதை மிதக்க விட்டுவிடும். அதனால்தான் நடவு முடிந்து 10 முதல் 15 நாள் கழித்துக் குஞ்சு விடுகிறார்கள்.

புல் கெண்டை வேறு ரகம். அது இலை தழையை மேயும் மீன். நெல்லும் புல் குடும்பம்தான். குஞ்சாக இருக்கையில் களையோடு நிறுத்திக்கொள்ளும், வளர்ந்துவிட்டால் நெல்லையும் விடாது. இந்தக் குணத்தைத் தெரிந்து பயன்படுத்தியவர்கள் தென்சீனத்து விவசாயிகள். தாங் அரச காலத்தின் கடைசியில் லியு சுன் என்பவர் அங்கத்துப் பழக்கவழக்கங்களை எழுதிவைத்தார். புதிதாகத் திருத்திய மலைநிலத்தில் மழைநீரைக் கட்டிப் புல் கெண்டைக் குஞ்சுகளை விடுவார்களாம். ஓரிரண்டு வருஷத்தில் மீன் பெருத்து, புல்லை வேரோடு தின்று தீர்த்துவிடும். மீனைப் பிடித்துக்கொண்டு, களையில்லாத அந்த நிலத்தில் நெல் போடுவார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய களைக்கொல்லி அது. விற்றால் காசும் வரும்.

நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்தது சீரோ பள்ளத்தாக்காக இருக்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குன்றுகளுக்கு நடுவே சமதளமான வயல்கள். அங்குள்ள அபதானி மக்கள் மாடு பூட்டி உழுகிற வழக்கமில்லாதவர்கள். கைக்கருவிகளை வைத்தே நிலத்தைப் பண்படுத்துவார்கள். வருஷத்துக்கு ஒரே போகம். நம்மூரில் வருஷா வருஷம் இரண்டு பக்கத்துக்காரர்களும் சீவிச் சீவி, வரப்பு என்பது ஒரு கால் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அங்கே வரப்பின் மேலேயே கேழ்வரகு நடுகிறார்கள் என்றால் அகலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறங்க மூங்கில் குழாய். மீன் நழுவாமல் இருக்க அதற்குத் தடுப்பு. அறுத்த வைக்கோலை வயலிலேயே மட்க விடுவார்கள். குன்றுச் சரிவிலிருந்து மழை அடித்துக்கொண்டு வரும் சத்து வேறு. ரசாயன உரமில்லாமல் அங்கே விளைவதற்கு இதெல்லாம் காரணம். மீனுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுத்துவிட முடியாது. இன்னொன்று: அந்த வயல்களில் நெல் பழையது, மீன் புதியது. 1960களில் அரசின் முயற்சியில்தான் கெண்டை உள்ளே வந்தது. ‘தொன்றுதொட்டு’ என்று நிகழ்ச்சியில் சொல்லியிருந்தால் அதை மட்டும் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள்.

இனி உரக் கணக்கு.

பலரும் நினைப்பது இதுதான்: மீன் சாணி போடுகிறது, சாணி உரமாகிறது. இதில் இரண்டு பிழை. முதலாவது நீங்கள் சொன்னது. உள்ளே இருந்ததே உள்ளே சுற்றுகிறது. இரண்டாவது, மீன் தன் உடலிலிருந்து வெளியேற்றும் தழைச்சத்தில் பெரும்பகுதி சாணியாகப் போவதில்லை. அது செவுள் வழியாக, அம்மோனியாவாகத் தண்ணீரில் கரைந்து போகிறது. சேற்றில் கிடக்கும் கழிவைப் பார்த்து உரத்தைக் கணக்கிட்டால் அதனால் தவறிவிடும்.

அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வருகிறது? அதைப் புரிந்துகொள்ள, மீன் இல்லாத வயலில் யூரியா எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தூவிய தழைச்சத்தில் நெல்லுக்குப் போய்ச் சேருவது பெரும்பாலான வயல்களில் பாதிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு என்பதே சகஜம். யூரியா தண்ணீரில் கரைந்து சில நாளில் அம்மோனியமாகிறது. நெல் வேர் விரும்பி எடுக்கும் தழைச்சத்து வடிவம் அது. சேற்றோடு ஒட்டிக்கொண்டால் பயிருக்கு ஆகும். மேலே நிற்கிற தண்ணீரில் தங்கிவிட்டால்தான் சங்கடம்.

நட்டு இரண்டு மூன்று வாரமான வயலை, மேலுரம் போட்ட மறுநாள், பிற்பகல் இரண்டு மணிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். பயிர் இன்னும் மூடாத இடைவெளியில் பாசி படர்ந்திருக்கும். அதன் இழைகளுக்குள் கடுகளவுக் குமிழிகள் சிக்கிக்கொண்டு, தரையில் கிடந்த பாசியையே மேலே கிளப்பிக்கொண்டு வரும். விரலால் தொட்டால் குமிழிகள் பொலபொலவென்று கழன்று போகும். அது ஆக்சிஜன். பாசி வெயிலில் தனக்கு உணவு தயாரிக்கிறது. அதற்காகத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. கரியமில வாயு குறையக் குறையத் தண்ணீர் காரமாகிறது. அந்தக் காரத்தை அளக்கும் எண்ணுக்குப் பி.எச். என்று பெயர். 7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம்.

காலையில் 7 வாக்கில் இருக்கும் வயல் தண்ணீர், பாசி மண்டிக் கிடந்தால் பிற்பகலில் 9ஐத் தாண்டிவிடும். இங்கேதான் சேதாரம். பி.எச். 7ல் இருக்கும்போது, கரைந்திருக்கும் அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வாயு நிலைக்கு மாறாது. 9ஐத் தாண்டியதும் ஏறக்குறையச் சரிபாதி அம்மோனியா வாயுவாகி நிற்கும். ஒரு நல்ல காற்று அடித்தால் வரப்பைத் தாண்டிப் போய்விடும். மூட்டை தூக்கிவந்த கூலி உள்பட நஷ்டம்.

அந்த வயலில் கெண்டை இருந்தால் என்ன ஆகும்? பாசியில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். நாள் முழுக்கச் சேற்றைக் கிளறுவதால் தண்ணீர் கலங்கியே கிடக்கும்; வெயில் உள்ளே இறங்காது, மிச்சப் பாசியின் வேகமும் குறையும். போதாததற்கு மீன் மூச்சு விடுகிறது; கரியமில வாயு மறுபடி தண்ணீரில் சேருகிறது. மூன்றும் சேர்ந்து பிற்பகல் பி.எச். ஏறாமல் பிடித்துக்கொள்கின்றன. அம்மோனியம் அம்மோனியமாகவே இருந்து, சேற்றுக்கும் வேருக்கும் போக அவகாசம் கிடைக்கிறது.

இதோடு ஒரு உபரி வேலையும் நடக்கிறது. நீங்கள் போட்ட உரத்தில் பங்குக்கு வருவது பாசி மட்டுமில்லை, களையும்தான். களைக்குள் போன தழைச்சத்து களை செத்து மட்கும்வரை நெல்லுக்கு இல்லை. மீன் அந்தக் களைக் குருத்தையும் பாசியையும் நீர்ப்பூச்சிகளையும் தின்று, அதற்குள் அடைபட்டிருந்த தழைச்சத்தில் ஒரு பங்கைச் சில மணி நேரத்தில் செவுள் வழியாக அம்மோனியமாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நெல் எடுக்கும் அதே வடிவம். சேற்றின் மேற்பரப்பைக் கிளறுவதால், அதில் ஒட்டிக் கிடக்கும் மணிச்சத்தும் கொஞ்சம் தண்ணீருக்கு வருகிறது.

ஆக, மீன் குடும்பத்துக்குச் சம்பாதித்துக் கொடுக்கிற பிள்ளையல்ல. வீண் செலவைத் தடுக்கிற பிள்ளை. உங்கள் கணக்கும் பொய்க்கவில்லை, யூரியாவும் மிச்சமாகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் வெளியிலிருந்து கொண்டுவந்து மீனுக்குப் போட்டால், அப்போது நிஜமாகவே புதுச் சத்து வயலுக்குள் நுழைகிறது. தீனியில் உள்ள தழைச்சத்தில் மீன் தன் உடம்பில் சேர்ப்பது சிறுபகுதிதான், மிச்சமெல்லாம் தண்ணீருக்கு. குளத்தில் அது தண்ணீரைக் கெடுக்கும். வயலில் நெல் அதை எடுத்துக்கொள்ளும். குளத்தில் வளர்ப்பதைவிட வயலில் வளர்ப்பது மீனுக்கே சுகம் என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். பயிரின் நிழலில் தண்ணீர் அதிகம் சூடாகாது என்பது இன்னொரு காரணம்.

உரத்தைவிடப் பெரிய மிச்சம் மருந்தில்தான். அதைச் சொல்ல உங்களை ஒரு நிமிஷம் சீனாவுக்குக் கூட்டிப்போகிறேன். செஜியாங் மாகாணத்தில் சிங்தியன் என்றொரு மலைவட்டாரம். அங்கே வயலில் கெண்டை வளர்ப்பது ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட வழக்கம். 2005ல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கத்து வயல் கெண்டை சிவப்பாக இருக்கும். செதில் மெத்தென்று இருப்பதால் சுரண்டாமல் அப்படியே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இதை நம் வீடுகளில் சொன்னால் அடுப்படியிலிருந்து என்ன பதில் வரும் என்று தெரியும்.

செஜியாங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்தப் பகுதியின் விவசாயிகளை ஆறு வருஷம் தொடர்ந்து கவனித்து, முடிவை 2011ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். மீன் விட்ட வயலிலும் விடாத வயலிலும் நெல் விளைச்சல் ஒன்றே. கவனியுங்கள்: கூடவில்லை. ஆனால் மீன் வயல்காரர்கள் பயன்படுத்திய பூச்சிமருந்து 68 விழுக்காடு குறைவு; ரசாயன உரம் 24 விழுக்காடு குறைவு. விளைச்சல் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் இந்த எண்களை எடுத்துக் காட்டுங்கள். அதே நெல், அதைவிடக் குறைந்த செலவு, கூடவே மீன். இதுதான் இந்த முறையின் உண்மையான பேரம்.

மருந்து எப்படிக் குறைந்தது? புகையான் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அது எங்கே உட்காரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில். வெளியே இருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் இருக்கும், தூரை விலக்கினால்தான் கூட்டம் தெரியும். மருந்தும் அந்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது. கெண்டை இரை தேடிப் பயிருக்குள் நுழையும்போது முதுகும் வாலும் தண்டில் இடிக்கின்றன. தண்டு ஆடுகிறது. புகையான் பிடி தவறித் தண்ணீரில் விழுகிறது. விழுந்தது மறுபடி தண்டில் தாவி ஏறுவதற்குள் மீன் வந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் இதை வயலிலேயே படம்பிடித்தும் எண்ணியும் பார்த்தார்கள். மருந்தே அடிக்காத சோதனை வயல்களில், மீன் இல்லாத நெல் அடிவாங்கியது. மீன் இருந்த நெல் தாக்குப்பிடித்தது.

எல்லாப் பூச்சிக்கும் மீன் மருந்தாகாது. குருத்துப்பூச்சி இலை நுனியில் முட்டையிட்டு, புழு தண்டுக்குள் போய்விடும். மீன் என்ன செய்யும்? இலைச்சுருட்டுப் புழுவும் எட்டாத உயரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் 68 விழுக்காடு குறைந்தது என்றால், மீன் தின்ற பூச்சிக் கணக்கு மட்டும் அதற்குப் போதாது. என் அபிப்பிராயத்தில் பாதிக் காரணம் விவசாயியின் மனசு. வயலில் நூற்றுக்கணக்கான மீன் நீந்திக்கொண்டிருக்கையில் யாருக்குத் தெளிப்பானைத் தோளில் மாட்ட மனம் வரும்? நாலு இலை சுருண்டிருப்பதைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடுகிற கை, அங்கே இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கிறது. அந்த இரண்டு நாளில் சிலந்தியும் தட்டானும் தங்கள் வேலையைச் செய்துவிடுகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்து அடித்தால் புகையான் குறையாமல் கூடும் என்று வேளாண் துறையே எச்சரிக்கிறது; அதைத் தின்னும் சிலந்தியை மருந்து முதலில் கொன்றுவிடுவதும் அதற்கு ஒரு காரணம். அதே பைரித்ராய்டுதான் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. மீனைக் காப்பாற்றப் போய் விவசாயி தன் சிலந்தியையும் காப்பாற்றிக்கொள்கிறார்.

உங்கள் ஊருக்கு வருவோம். காவிரிப் படுகைக்கு வயல் மீன் புதிதல்ல. யாரும் விடாமலே வாய்க்கால் தண்ணீரோடு கெண்டையும் கெளுத்தியும் குரவையும் விராலும் வயலேறிய காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மடைவாயில் பறி வைத்துப் பிடிப்பதும், தண்ணீர் வடிகிற நேரத்தில் பிள்ளைகள் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் தை மாதத்தின் ஒரு பகுதியாக இருந்தது. குருணை மருந்தும் களைக்கொல்லியும் வந்தபின் அது நின்றது. குறுகிய காலப் பயிர்களும் முறைப்பாசனமும் மீதியை முடித்தன. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற இடத்தில் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கும் என்று நம்ப முடியாதே.

அதனால் ‘செய்து பார்க்கலாமா’ என்ற கேள்விக்கு என் பதில்: சம்பாவில் செய்யலாம், குறுவையில் வேண்டாம். குறுவைப் பயிர் 110 நாளில் முடிந்துவிடும். நாற்றங்கால் நாளையும் பயிர் வேர் பிடிக்கும் நாளையும் கழித்தால் மீனுக்கு இரண்டு மாதம் மிஞ்சினால் அதிகம். சி.ஆர். 1009 போன்ற 155, 160 நாள் ரகம் போடுகிறீர்கள் என்றால் மூன்று மாதத்துக்கு மேல் கிடைக்கும். வழக்கப்படி ஜனவரி 28ல் மேட்டூர் மூடுவதற்குள் மீனைப் பிடித்துவிடலாம்.

ஒரு மா என்றால் 33 சென்ட். முதல் வேலை பள்ளம். இரண்டு பக்க வரப்போரமாக ஒன்றரை மீட்டர் அகலத்தில் முக்கால் மீட்டர் ஆழத்துக்கு வெட்டி, இரண்டும் சேரும் மூலையில் இன்னும் கொஞ்சம் ஆழமாக ஒரு குழி போடுங்கள். தண்ணீர் குறையும்போதும், வெயில் ஏறும்போதும், உரம் போடும்போதும் மீன் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும். பள்ளத்துக்குப் போன நிலம் நஷ்டம்தானே என்பீர்கள். பெரும்பகுதி திரும்ப வந்துவிடுகிறது: பள்ளத்து ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் காற்றும் கூடுதலாகக் கிடைத்துத் தூர் பெருக்கும். ஆனால் மீன் ஆசையில் பள்ளத்தை அகட்டிக்கொண்டே போகக் கூடாது. சீன அரசின் தொழில்நுட்ப விதிமுறையே பள்ளம் வயலில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. அங்கேயும் ஆசைப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள்.

வெட்டிய மண்ணை வரப்பில் போட்டு முழங்கால் உயரத்துக்கு மேலாக உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரே ராத்திரியில் வரப்பைத் தாண்டிவிட்டால் உங்கள் மீன் பக்கத்து வயலில் மேயும். சீரோவில் இல்லாத தொல்லை இது. உங்களுக்கு இதுதான் முதல் தொல்லை. வரப்பின் மேல் ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் வலை கட்டுவது வீண் செலவல்ல. வரத்து மடை, வடிகால் இரண்டிலும் சின்னக் கண் வலை கட்டாயம். வெளியே போகாமல் இருக்க மட்டுமில்லை, விரால் உள்ளே வராமல் இருக்கவும். ஒற்றை விரால் போதும், உங்கள் குஞ்சுகளை ஒரு கை பார்த்துவிடும்.

குஞ்சு விரல் நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் சிறியதை விட்டால் தவளைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் கொக்குக்கும் விருந்து வைத்த கதைதான். ஒரு மாவுக்கு 400 போதும். பெரும்பங்கு சாதாக் கெண்டையாகவும், பள்ளத்து ஆழத்துக்குக் கொஞ்சம் ரோகு, கட்லாவும் இருக்கட்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் தொடாதீர்கள். அதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறது. வெள்ளத்தில் தப்பினால் ஆற்று மீன்களையும் தின்று அழிக்கும். விடியற்காலையில் மீன்கள் தண்ணீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், ராத்திரியில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். உடனே புதுத் தண்ணீர் விடுங்கள்.

தீனி போடாமல் வளர்த்தால் ஒரு மாவில் பத்திலிருந்து இருபது கிலோ மீனை எதிர்பார்க்கலாம். வீட்டுக்கும் உறவுக்கும் ஆகும். இதை நம்பிக் கடன் வாங்க முடியாது. தவிடும் பிண்ணாக்கும் போட்டால் எடை கூடும், செலவும் கூடும்.

நீர் விஷயத்தில் இந்த முறைக்கு ஒரு முரண்பாடு உண்டு. இதை இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. திருந்திய நெல் சாகுபடியில் வயலை மயிரிழை வெடிப்பு வரும்வரை காயவிட்டு, பிறகு ஓரங்குலம் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள். அதில் தண்ணீர் மிச்சம், மீத்தேன் வாயுவும் குறையும். மீனுக்கோ அரை அடித் தண்ணீராவது நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே வயலில் முழுசாகச் செய்ய முடியாது; பள்ளம் இருந்தால் நடுவில் ஓரிரு நாள் வேண்டுமானால் வயலைக் காயவிடலாம். மீத்தேனை மீன் குறைக்குமா கூட்டுமா என்பதில் அளவீடுகள் இடத்துக்கு இடம் மாறி இரண்டு விதமாகவும் வந்திருக்கின்றன. அதனால் தண்ணீர் தட்டுப்பாடான மேட்டு நிலத்துக்கு நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். எப்படியும் தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளக்கால் வயலுக்குத்தான் இது பொருத்தம்.

கடைசியாக, சீரோவுக்கும் வலங்கைமானுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் உயரமோ குளிரோ அல்ல. அங்கே மேல் வயல்காரரும் மருந்து அடிப்பதில்லை. உங்களுக்கு மேல்மடைக்காரர் அடித்தால் அது வடிந்து உங்கள் வயலுக்கு வரும். நீங்கள் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் ஒரே நாளில் 400 மீனும் மிதக்கும். ஆகவே பள்ளம் வெட்ட ஆள் சொல்வதற்கு முன்னால் அவரைப் போய்ப் பாருங்கள். என்ன மருந்து அடிக்கிறார், எப்போது அடிக்கிறார், அடிக்கும் வாரத்தில் தண்ணீரை உங்கள் பக்கம் விடாமல் வடிகாலுக்குத் திருப்ப முடியுமா என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை ஆலோசனை கேட்டுக்கொண்டு ஆவணியில் வேலையைத் தொடங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்த வருஷம் வேண்டாம். அவரையும் சேர்த்துக்கொண்டு அடுத்த சம்பாவில் பார்க்கலாம்.